மற்றோர் இருக்கை

விமானிகள் எழுதிய நூல்களை நாடுவோர் பெரும்பாலும் தனிமையின் அழகைத் தேடியே அவற்றை நாடுகின்றனர். மேலே விண்மீன்கள், கீழே இருண்டு கிடக்கும் நிலப்பரப்பு, நடுவில் ஒற்றை எஞ்சினின் முழக்கத்தைத் தவிர வேறு துணையற்ற ஒரு மனிதன்: இந்தச் சித்திரமே இவ்வகை இலக்கியத்திற்குப் புகழ் தேடித் தந்தது. 'குட்டி இளவரசன்' தமிழாக்கத்தின் வழியாக நமக்கு அறிமுகமான அந்த்வான் து செந்த்-எக்சுபெரியையும், பாலைவனத்தில் பழுதுபட்ட விமானத்தருகே தனித்து நிற்பவராகவே நம்முள் பலர் நினைவில் வைத்திருக்கிறோம். ஆயின் இந்நூல்களை ஊன்றிப் படிக்குந்தோறும் வேறோர் உண்மை நமக்குப் புலப்படுகின்றது. அவற்றுள் மிகச் சிறந்த பக்கங்களில் விமானி தனியாக இல்லை. கற்றுக்கொள்ள வந்தவராக, தம்மிலும் அறிந்த ஒருவரைத் தேடிச் செல்பவராக இருக்கிறார். அந்தத் தேடலை இந்நூல்கள் எவ்வாறு சித்திரிக்கின்றன, அச்சித்திரிப்பில் எது மெய், எது மெருகு என்பதை இங்கே ஆராய விழைகின்றோம்.

முதலில் செந்த்-எக்சுபெரி 1939-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட 'தெர் தேசோம்'. 'மனிதர்களின் பூமி' என்பது அப்பெயரின் பொருள். ஆங்கிலத்தில் 'விண்ட், சேண்ட் அண்ட் ஸ்டார்ஸ்' என்னும் பெயரில் உலகெங்கும் பரவிய நூல் அது. அதன் முதல் அதிகாரம் 1926-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. துலூஸ் நகரிலிருந்து ஸ்பெயினைக் கடந்து ஆப்பிரிக்காவுக்கு அஞ்சல் சுமந்து சென்ற லாத்தேகொயேர் நிறுவனத்தில் அவர் புதியவர். விமானம் ஓட்டத் தெரியும். அந்த வழி தெரியாது. மூத்த விமானிகள் மழையில் நனைந்து திரும்பி வந்து, கேட்ட கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்லிவிட்டு மௌனமாக உண்கின்றனர். அவர்களுடைய மௌனமே இளையோரை அச்சுறுத்துகிறது. ஒருநாள் மாலை இயக்குநர் அழைத்து, நாளை அஞ்சல் விமானம் உம்முடையது என்கிறார். ஸ்பெயினின் மலைகளை மேகம் மூடும்போது நேரும் ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கையும் அலுவலக முறையில் கிடைக்கிறது.

அந்த எச்சரிக்கையோடு அவர் உறங்கச் செல்லவில்லை. நண்பர் ஆன்றி கியோமேயைத் தேடிச் செல்கிறார். அவ்வழியில் ஏற்கெனவே பறந்து பழகியவர் கியோமே. விளக்கின் அடியில் வரைபடம் விரிக்கப்படுகிறது. நாம் எதிர்பார்ப்பது ஆறுகள், நகரங்கள், மலைகளின் உயரங்கள். கியோமே சொல்வதோ வேறு. குவாதிஸ் நகரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதனருகே ஒரு வயலின் விளிம்பில் நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். லோர்கா நகரை விட்டுவிட்டு, அதனருகே ஒரு பண்ணையையும் அங்கு வாழும் உழவனையும் அவன் மனைவியையும் பற்றிப் பேசுகிறார். மோத்ரிலுக்கு மேற்கே, அவசரத்தில் இறங்கத் தக்கது எனத் தோன்றும் புல்வெளியில் புல்லுக்கடியில் மறைந்தோடும் ஓர் ஓடை. இன்னோரிடத்தில், இறங்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னே பாய்ந்துவரக் காத்திருக்கும் முப்பது செம்மறியாடுகள். இவற்றை இளையவர் ஒவ்வொன்றாகத் தம் வரைபடத்தில் பொறித்துக்கொள்கிறார்.

இதில் கவிதை இருக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. பலர் அவ்வாறே நகர்ந்துவிட்டனர். இது முதன்மையாகத் தொழிலறிவு என்பதே நம் கருத்து. அன்று அந்த வழியில் பறந்த ப்ரெகே 14 வகை விமானங்கள் முதல் உலகப்போர்க் காலத்தவை. ஒற்றை எஞ்சின், அதுவும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடுவது. எஞ்சின் நின்ற விமானிக்கு நகரத்தின் பெயர் எதற்கு உதவும்? எந்த வயல் உறுதியானது, எதில் நீர் ஒளிந்திருக்கிறது என்பதே அவன் உயிர். அந்த ஓடை எந்த நிலநூலிலும் இல்லை. முன்னே சென்றவன் கண்டு வந்து சொன்னாலன்றிப் பின்னே செல்பவன் அறிய வழியில்லை.

பெரும்பாலோர் கவனியாத ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். செந்த்-எக்சுபெரி 1900-இல் பிறந்தவர், கியோமே 1902-இல். ஆசிரியர் மாணவரைவிட இரண்டு வயது இளையவர்! நல்லாசிரியனுக்கு நன்னூலார் உரைத்த உவமைகளில் நிலமும் மலையும் உண்டு என்பதை நம் வாசகர்கள் அறிவர். நரைத்த தலை அப்பட்டியலில் இல்லை. தம்மினும் இளையவரிடம் வரைபடத்தோடு சென்று நின்ற பணிவை நூலாசிரியர் எங்கும் பறைசாற்றிக்கொள்ளவில்லை என்பது இப்பகுதியின் சிறப்பு.

ஆயினும் ஒரு குறையும் கூறவேண்டும். முப்பது ஆடுகளைக் கண்ட கண், பக்கங்கள் செல்லச் செல்ல 'மனிதன்' என்னும் பெரும் பொதுச்சொல்லில் மங்கிப்போகிறது. நூலின் பிற்பகுதியில் உபதேசத் தொனி ஓங்குகிறது. நல்ல உபதேசந்தான், எனினும் மூன்று ஆரஞ்சு மரங்களுக்கு இருந்த நம்பகத்தன்மை அதற்கு இல்லை. கியோமேயிடம் கற்ற பாடத்தை எழுத்தாளர் வானில் கடைப்பிடித்த அளவுக்குத் தாளில் கடைப்பிடிக்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது.

இனி, 1942-இல் வெளிவந்த பெரில் மார்க்கம் அம்மையாரின் 'வெஸ்ட் வித் த நைட்'. வெளிவந்த காலத்தில் விரைவில் மறக்கப்பட்டு, 1983-இல் மறுபதிப்புக் கண்டு பெரும்புகழ் பெற்ற நூல் இது. இதை எழுதியவர் அவர்தாமா, அவருடைய மூன்றாம் கணவரான எழுத்தாளர் ரௌல் ஷூமாக்கரா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. அவ்வழக்கில் நாம் இறங்கப் போவதில்லை. எழுதிய கை எதுவாயினும், கென்யாவின் புதர்க்காட்டு வெளிகளுக்கு மேலே சிறு விமானம் ஓட்டிப் பிழைத்தவர் மார்க்கம் என்பதில் ஐயமில்லை. முறையான ஓடுபாதை இல்லாத இடங்களுக்கு அஞ்சலும் பயணிகளும் சுமந்தவர் அவர். வேட்டைக் குழுக்களுக்காக வானிலிருந்து யானைக் கூட்டங்களைத் தேடிக் கண்டவர்.

அவருக்குக் கற்பித்தவர் டாம் கேம்பெல் பிளாக். 1930-களின் தொடக்கத்தில் நைரோபியில், ஜிப்சி மாத் எனப்படும் ஈரிறக்கைச் சிறு விமானத்தில் பாடம் நடக்கிறது. ஒருநாள் இருவரும் ங்கோங் குன்றுகளை நோக்கிப் பறக்கின்றனர். குன்று நெருங்குகிறது, விமானம் உயர மறுக்கிறது. மாணவி விசையைக் கூட்டுகிறார், மூக்கை நிமிர்த்துகிறார், ஒன்றும் பயனில்லை. பாறையும் மரமும் தெளிவாகத் தெரியுமளவு மலை அருகே வந்துவிட்டது. டாம் பேசாமல் அமர்ந்திருக்கிறார். இறுதிக் கணத்தில் விமானம் திருப்பப்பட்டு, தாழ்ந்த வெளியை நோக்கிப் பாய்ந்து, வேகம் பெற்று மீள்கிறது. அதன்பின்பே விளக்கம் வருகிறது: மலையருகே காற்று இப்படித்தான் கீழ்நோக்கி அழுத்தும், முன்னமே எச்சரித்திருக்கலாம், ஆனால் தவறு செய்யும் உரிமையை உன்னிடமிருந்து பறித்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

இந்த இடம் வாசகர்களிடையே மிகவும் பேர்பெற்றது. கல்வியில் சுதந்திரம் வேண்டும் என்போர் இதை மேற்கோளாக எடுத்தாளக் காண்கிறோம். நமக்கோ அந்த வாசகம் சற்று அளவுக்கு மீறி மெருகேறியதாகவே தோன்றுகிறது. மலையினின்று தப்பிய கணத்தில் எவரும் அவ்வளவு திருத்தமாகப் பேசுவதில்லை. அது கிடக்கட்டும், நம் மறுப்பு அதனினும் ஆழமானது. புகழ்வோர் அனைவரும் சொல்லை எடுத்துக்கொண்டு செயலை விட்டுவிடுகின்றனர். செயல் என்ன என்பதை உணர, அந்தக் காற்றைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

மலைமுகட்டைக் கடந்துவரும் காற்று, நீர் பாறைமேல் வழிந்து விழுவதுபோல, மறுபக்கம் சரிந்து விழுகிறது. அந்தப் பக்கமாக முகட்டை நோக்கிச் செல்லும் விமானம், தன் எஞ்சினின் ஆற்றலால் ஏறும் வேகத்தைவிடக் காற்று இறங்கும் வேகம் மிகுதியாயின், மூக்கு நிமிர்ந்த நிலையிலேயே தாழ்ந்துகொண்டிருக்கும். நைரோபி கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 5,500 அடி. ங்கோங் குன்றுகளின் உச்சி சுமார் 8,000 அடி. சாதாரண எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கும். குன்றின் உச்சியளவு உயரத்தில் கால்பங்கு போய்விடுகிறது. வெயில் நேரமாயின் இன்னும் மோசம். இந்நிலையில் மாணவர் இயல்பாகச் செய்வது மூக்கை மேலும் மேலும் நிமிர்த்துவது. அதுவே கேடு. வேகம் குறைந்து, இறக்கை தன் தாங்குதிறனை இழந்துவிடும். தப்பும் வழி ஒன்றே: மலைக்குப் புறங்காட்டித் தாழ்ந்த நிலத்தை நோக்கித் திரும்புவது. அதற்கும் திரும்புமளவு இடம் எஞ்சியிருக்க வேண்டும்.

அந்த எஞ்சிய இடத்தை அளந்துகொண்டிருந்தவர் யார்? மாணவி அல்லர். அவருக்கு என்ன நிகழ்கிறது என்பதே விளங்கவில்லை. இன்னும் எத்தனை கணம் பொறுக்கலாம், எந்தப் பக்கம் நிலம் சரிந்து இறங்குகிறது என்பவற்றை மற்றோர் இருக்கையில் இருந்தவர் அளந்துகொண்டிருந்தார். தவறு மாணவிக்கு அனுமதிக்கப்பட்டது. தவற்றின் விளைவு அனுமதிக்கப்படவில்லை. அந்தக் குன்றையும் அந்த வேளையையும் டாம் தெரிந்தெடுத்தே அழைத்துச் சென்றார் என்று நாம் படிக்கிறோம். நூல் அவ்வாறு வெளிப்படக் கூறவில்லை. ஆனால் ஒன்று ஐயத்திற்கிடமற்றது. கணக்குத் தவறியிருந்தால் அவரும் சேர்ந்தே மடிந்திருப்பார். கரையில் நின்று 'நீந்து' என்று கூவியவர் அல்லர் அவர். 'தவறு செய்யும் உரிமை' என்னும் அழகிய சொற்றொடரைப் பள்ளிகளிலும் இல்லங்களிலும் எடுத்தாள்வோர் இந்த இருக்கையை மறந்துவிட்டு எடுத்தாள்வது நமக்குக் கவலை தருகிறது. மற்றோர் இருக்கை வெறுமையாக இருக்கும்போது அதற்குச் சுதந்திரம் என்று பெயரிடுவது தகாது; அது கைவிடுதல்.

எர்னஸ்ட் கான் 1961-இல் எழுதிய 'ஃபேட் இஸ் த ஹண்டர்' நூலிலும் இத்தகையதொரு காட்சி உண்டு. மேகத்தினுள் கருவிகளை மட்டும் நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் இளம் துணைவிமானியின் கண்முன்னே, மூத்தவரான ராஸ் தீக்குச்சிகளைக் கொளுத்திக் கொளுத்திப் பிடிக்கிறார். கொடுமை போலத் தோன்றும் இது, குழப்பத்தின் நடுவிலும் கவனம் சிதறாதிருக்கப் பயிற்றும் முறை. பெரிய பயணிகள் விமானத்தின் கதையாதலால் இதை நாம் விரிக்கவில்லை. அங்கும் தீக்குச்சி பிடித்தவர் அதே விமானத்தில்தான் இருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இவ்வளவு சொன்னபின் எதிர்க்கட்சியையும் கேட்பதே நேர்மை. ஆசிரியர் எல்லாம் அறிந்தவரா? வுல்ஃப்காங் லாங்கவீஷா 1944-இல் வெளியிட்ட 'ஸ்டிக் அண்ட் ரடர்' இக்கேள்வியை அஞ்சாமல் எழுப்பும் நூல். தேர்ந்த விமானிகள் கையால் சரியாகச் செய்வதை வாயால் தவறாக விளக்குகின்றனர் என்பதே அதன் தொடக்கப் புள்ளி எனலாம். காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்னும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பறத்தல் முழுவதையும் அதிலிருந்து அவர் விளக்கிச் செல்கிறார். மூக்கை நிமிர்த்தினால் விமானம் ஏறும் என்னும் மாணவரின் நம்பிக்கை ஏன் உயிரைக் குடிக்கிறது என்பதை மார்க்கமோ டாமோ விளக்கியதைவிட நூறு மடங்கு தெளிவாக இவர் விளக்குகிறார். அணியில்லாத நடை; பிடிவாதமாக மீண்டும் மீண்டும் சொல்லும் நடை. இலக்கியச் சுவை தேடுவோர் சலிப்படையலாம். இன்றும் பயிற்சி விமானிகள் வாங்கிப் படிக்கும் நூல் அது என்பதே அதன் தகுதிக்குச் சான்று. எனவே ஆசிரியர் இருந்தால் நூல் வேண்டா என்று நாம் வாதிடவில்லை. குவாதிஸ் அருகே உள்ள வயலைப் பற்றி லாங்கவீஷா ஒன்றும் சொல்ல முடியாது என்பதே நாம் சொல்வது.

இது பழங்கதையன்று. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 1980-இல் காப்புநிலமாக அறிவிக்கப்பட்ட பெருங்காட்டுப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும், ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் புல்லும் மண்ணுமான சிறு இறங்குதளங்கள் பல உள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற ஜான்சன் கிரீக் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருப்பது. ஆயினும் நீளம் தாராளமானது, சாதுவானது. வேறு சில தளங்கள் சரிவில் அமைந்தவை. மேட்டை நோக்கி இறங்க வேண்டும். பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். மேட்டுக்குப் பின்னால் மலைச்சுவர். பள்ளத்தாக்கின் ஒரு வளைவைத் தாண்டிவிட்டால், 'இம்முறை சரியில்லை, மேலே ஏறிச் சுற்றி வருவோம்' என்பதற்கு இடமே இல்லை. அந்த வளைவு எது? எந்தப் பாறையை, எந்த மரத்தைக் கடந்தபின் மனம் மாறலாகாது? முன்னே சென்றவர் உடனமர்ந்து கைகாட்டினாலன்றி விளங்காத செய்தி இது. மோத்ரில் ஓடையின் உடன்பிறப்பு எனலாம்.

அந்நாட்டில் தனியார் விமானி உரிமம் பெறச் சட்டம் பொதுவாகக் கேட்கும் குறைந்தபட்சப் பறப்பு 40 மணி நேரம். அதன் பெரும்பகுதி நீண்ட, சமமான, தார் போட்ட ஓடுபாதைகளில் கழிகிறது. மலைத்தளங்களில் இறங்குவதற்கெனத் தனி உரிமம் எதையும் சட்டம் கேட்பதில்லை. ஆகவே ஆசானைத் தேடுவதா, தேடாமலே புறப்படுவதா என்பது மாணவரின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. அங்குப் பயிற்சி விமானி ஒருவர் மூத்தவரிடம் சென்று, எனக்குக் கற்றுத் தருவீர்களா என்று கேட்பது வெறும் ஆர்வத்தின் வெளிப்பாடு மட்டுமன்று. தம் உயிரையும் உடன்வருவோர் உயிரையும் மதிக்கும் செயலும் ஆகும்.

இப்பகுதிகளில் பறப்போருக்கு ஸ்பார்க்கி இமெசன் எழுதிய 'மௌண்டன் ஃப்ளையிங் பைபிள்' ஒரு முதன்மை நூல். தலைப்பில் 'பைபிள்' என்ற சொல் நமக்குச் சற்று நெருடினாலும், உள்ளடக்கம் நெருடவில்லை. முகட்டை நேராகச் சென்று முட்டாமல் 45 பாகைச் சாய்வில் அணுக வேண்டும். அப்போது கீழிறங்கு காற்று அழுத்தினால் சிறிதளவு திரும்பியே தப்பிவிடலாம் என்பது மலைப்பறப்பின் அடிப்படைப் பாடம். புறப்படும்போது ஓடுபாதையின் பாதி தூரத்திற்குள் கிளம்பு வேகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டாவிட்டால் உடனே நிறுத்திவிடு என்பது மற்றொன்று. ஒவ்வொரு விதிக்கும் பின்னே எத்தனையோ ங்கோங் குன்றுகள் இருந்திருக்க வேண்டும். இத்தனையும் அறிந்து, பல்லாண்டு பலருக்கும் பயிற்றிய இமெசன் 2009 மார்ச் மாதம் மொண்டானா மாநிலத்து மலைப்பகுதியில் விமானம் விழுந்து இறந்தார். இதைக் கொண்டு அவருடைய போதனையைக் குறைகூறுவோர் போதனை என்பதையே தவறாகப் புரிந்துகொண்டவர்கள். ஆசான் மலையை வென்றவர் என்று எந்த நல்ல நூலும் சொல்லவில்லை. டாம் கேம்பெல் பிளாக்கும் 1936 செப்டம்பரில், மார்க்கம் அட்லாண்டிக்கைத் தனியே கடந்த சில நாள்களில், லிவர்பூல் விமான நிலையத்தில் தரையில் இருந்த தம் விமானத்தின்மேல் வேறொரு விமானம் மோதியதால் இறந்தார். அத்தனை மலைகளையும் காற்றையும் கடந்தவருக்குத் தரையில் வந்தது முடிவு.

இரு நூல்களையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று கேட்டால், நடையழகில் மார்க்கம் நூலுக்கு நாம் தயங்காமல் முதலிடம் தருவோம். ஆனால் ஆசிரியர்-மாணவர் உறவைப் பொறுத்தமட்டில் செந்த்-எக்சுபெரியே நம்மை வெல்கிறார். காரணம், மார்க்கம் டாமை ஒரு முழுமையான வீரராக நிறுத்திவிட்டு நகர்கிறார். டாம் தடுமாறும் இடம் அவர் நூலில் இல்லை. 'தெர் தேசோம்' இரண்டாம் அதிகாரத்தில், வரைபடம் விரித்த அதே கியோமே தொலைந்துபோகிறார்.

1930 ஜூன் மாதம். தென் அமெரிக்காவில் குளிர்காலம். சீலேயிலிருந்து அர்கெந்தீனா நோக்கி ஆண்டிஸ் மலையைக் கடக்கும்போது பனிப்புயல் அவரைக் கீழே அமுக்குகிறது. டாம் காட்டிய அதே இறங்குகாற்று, நூறு மடங்கு பெரிதாக. மலைகளின் நடுவே லகுனா டெல் தியமாந்தே என்னும் ஏரி. எரிபொருள் தீரும்வரை அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, கரையில் இறங்குகிறார், விமானம் கவிழ்கிறது. ஆரஞ்சு மரங்களும் இல்லை, உழவனும் இல்லை. ஐந்து பகலும் நான்கு இரவும் பனியில் நடந்து உயிரோடு மீள்கிறார். அந்நாள்களில் செந்த்-எக்சுபெரி ஐந்து நாள் விமானத்தில் அம்மலைகளைச் சல்லடை போட்டுத் தேடினார். அவர் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வரைபடத்தில் முப்பது ஆடுகளைக் குறித்துக்கொண்ட மாணவருக்கு, பனியில் ஒரு மனிதரைக் காண முடியவில்லை.

மீண்டபின் கியோமே சொன்ன ஒரு செய்தியை நூலாசிரியர் மிகச் சிக்கனமாகப் பதிவு செய்திருக்கிறார். பனியில் கிடந்தபோது தம் தலைக்கு மேலே விமானம் சென்றதைக் கியோமே கண்டிருக்கிறார். விமானியோ அவரைக் காணவில்லை. ஓட்டியவர் யார் என்பதை மட்டும் அவர் கீழிருந்தே அறிந்துகொண்டாராம். அவ்வளவு தாழ்வாகப் பறக்க வேறு எவரும் துணிந்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.